செய்முறை திரும்பாத சொந்தம்

போன வாரம் ஒரு தம்பி போனில் கூப்பிட்டார். பல நாட்டுப் பெண்கள் ஒன்றுகூடும் கருத்தரங்காம், மதுரையிலேயேதானாம். "நம்ம பக்கத்துக் கிராமத்து அக்காமார் நாலு பேரை மேடையில உட்கார வைக்கணும்க்கா, ஏற்பாடு பண்ணித் தர்றீங்களா?" என்றார். மொழிபெயர்க்க யார் வருகிறார்கள் என்று கேட்டேன். "அதான் நீங்க இருக்கீங்களே!" சாப்பாட்டுக்கும் பேனருக்கும் சால்வைக்கும் தனித்தனியாகப் பணம் ஒதுக்கியிருக்கிறார்கள். மொழிபெயர்ப்புக்கு ஒதுக்கியது என்னை.

முடியாது என்று சொல்லிவிட்டேன். போனில் காரணம் சொல்லப் பொறுமை இல்லை. இங்கே எழுதுகிறேன்.

பதினைந்து வருஷத்துக்கு முன்னால் உசிலம்பட்டிப் பக்கம் மகளிர் குழுக்களோடு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கென்யாவிலிருந்து மூன்று பெண்கள் எங்கள் குழுவைப் பார்க்க வந்தார்கள். பள்ளிக்கூட வராந்தாவில் ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்தோம். அவர்களில் மூத்தவர், அவர்கள் ஊரில் பெண்கள் மாசாமாசம் கூடி ஆளுக்கு இவ்வளவு என்று போட்டு, முறை வைத்து ஒருத்தி மொத்தத்தையும் எடுத்துக்கொள்வதைச் சொன்னார். அதற்கு 'சாமா' என்று பெயர். நான் அதைத் தமிழில் சொல்லி முடிக்கவில்லை, பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "அட, நம்ம குலுக்கல் சீட்டுத்தா!" வராந்தாவே சிரித்தது. அடுத்த கேள்வியும் அங்கிருந்தே வந்தது. "முதல் மாசமே எடுத்துட்டு ஓடிட்டா என்ன பண்ணுவீக?" அவள் வீட்டு ஆட்டை ஓட்டிக்கொண்டு வந்துவிடுவோம் என்றார் அந்தம்மா. "நாங்க அண்டாவைத் தூக்கிருவோம்!" அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் நான் தேவைப்படவே இல்லை. கையைக் காட்டியே பேசிக்கொண்டார்கள்.

அப்புறம் மூன்று பெண் பிள்ளை பெற்ற ஒரு அக்கா பேச ஆரம்பித்தார். இரண்டாவது பிறந்ததும் மாமியார் முகம் மாறியது, விடியுமுன் பச்சைப் பிள்ளையை முந்தானையில் சுற்றிக்கொண்டு பிறந்த வீட்டுக்கு நடந்தது, அந்தப் பிள்ளை இப்போது பன்னிரண்டாம் வகுப்பு படிப்பது, நர்ஸ் படிப்பு என்று ஆசைப்படுவது, தாய்மாமன் வீட்டில் நாள் குறிக்க அவசரப்படுவது. பத்து நிமிஷம் பேசியிருப்பார். கடைசியில் வந்தவர்களைப் பார்த்து நேராகக் கேட்டார்: "உங்க ஊர்ல இப்படி வந்தா, பொம்பளைக யாருகிட்டப் போய் நிப்பீக?"

எனக்கு அவ்வளவு ஆங்கிலம் அன்று வரவில்லை. வேன் டிரைவர் வேறு வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெண் கல்வி முக்கியம் என்று இவர் சொல்கிறார் என ஒரே வரியில் முடித்தேன். மூன்று பேரும் கை தட்டினார்கள். அக்கா என்னைப் பார்த்தார். "நான் அம்புட்டு நேரம் பேசினேன். நீ இம்புட்டுத்தான் சொன்ன?"

பதினெட்டு முடிந்த மறு மாசமே அந்தப் பிள்ளைக்குக் கல்யாணம். சட்டப்படி குறை சொல்ல ஒன்றுமில்லை. நானும் போய் ஐநூறு ரூபாய் எழுதிவிட்டு, சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

நம்ம பக்கம் சொந்தம் என்றால் அதில் செய்முறை, அதாவது மொய்யும் சீரும், இருக்கும். உன் வீட்டு விசேஷத்துக்கு நான் வந்தேன், என் வீட்டுக்கு நீ வரணும். யார் எவ்வளவு செய்தார்கள் என்று நோட்டுப் போட்டு எழுதி வைத்து, இருபது வருஷம் கழித்தும் எடுத்துப் பார்ப்போம். பல நாட்டுப் பெண்களை இணைக்கிறோம் என்று நடக்கும் கூட்டங்களை இந்த நோட்டை வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒரு பக்கம் காலிதான். எங்கள் அக்காமாரின் கதை போகிறது, போட்டோ போகிறது, யாருடைய ஆண்டறிக்கையிலோ அச்சாகிறது. இங்கே ஒரு பிரச்சினை என்றால் அங்கிருந்து எழுந்து வர ஆள் இல்லை.

திரும்பி வந்த செய்முறையும் ஒன்று உண்டு. மதுரையிலிருந்து ஒன்றரை மணி நேர பஸ் தூரத்தில் நடந்தது. 2021 ஜனவரியில் திண்டுக்கல் பக்கம் ஆயத்த ஆடை ஆலையில் வேலை பார்த்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். மேற்பார்வையாளர் ஒருவர் கைதானார். வேறு நேரமாக இருந்தால் நாலு நாள் செய்தியோடு முடிந்திருக்கும். ஆனால் பெண்களே தலைமை தாங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் ஏற்கெனவே அங்கே வேரூன்றியிருந்தது. அவர்களோடு ஆசிய அளவில் ஆடைத் தொழிலாளர் ஊதியத்துக்காக இயங்கும் ஒரு கூட்டணியும், அமெரிக்காவில் இயங்கும் ஒரு தொழிலாளர் உரிமை அமைப்பும் கைகோத்தன. ஆலை வாசலில் யார் என்ன பேசுகிறார்கள் என்பது யூனியன் பெண்களுக்குத் தெரியும். அந்தச் சட்டையை வாங்கி விற்கும் கம்பெனியின் கதவு எங்கே இருக்கிறது என்பது வெளியில் இருந்தவர்களுக்குத் தெரியும். 2022 ஏப்ரலில், வேலையிடத்தில் பெண்கள் மேல் நடக்கும் வன்முறையையும் சீண்டலையும் நிறுத்துவதாக, ஆலை நிர்வாகமும் அங்கே துணி வாங்கும் எச் அண்ட் எம் கம்பெனியும் கையெழுத்துப் போட்டன. அதற்குத் திண்டுக்கல் ஒப்பந்தம் என்றே பெயர். பிறகு கேப், பிவிஹெச் கம்பெனிகளும் சேர்ந்தன. 25 தொழிலாளருக்கு ஒருவர் என்று தொழிலாளர்களிலிருந்தே கண்காணிப்பவர்களை யூனியன் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தது. ஆலை மீறினால் வாங்குகிற கம்பெனி சும்மா இருக்க முடியாது என்பது ஒப்பந்தம். போன உயிருக்கு இதெல்லாம் ஈடு இல்லை. ஆனாலும் கடல் தாண்டிய உறவு ஒன்று, பக்கத்து ஆலையில் நிற்கும் ஒருத்தி வாய் திறந்தபோது துணைக்கு நின்றது.

"எல்லாப் பிள்ளைகளுக்கும் இங்கிலீஷ் கத்துக் கொடுத்துட்டா சரியாப் போயிரும்" என்று சொல்கிறவர்கள் உண்டு. கற்றுக் கொடுக்கட்டும், நானும் அந்தக் கட்சிதான். ஆனால் அதுவரைக்கும் தமிழில் பேசுகிறவர் தலைவி இல்லையா? அழகர்கோவில் பக்கம் புல்லுச்சேரியில் சின்னப்பிள்ளை என்ற அம்மா பள்ளிக்கூடம் போகாதவர். வயல் வேலைக்கு ஆள் கூட்டி, நிலக்காரர்களிடம் கூலி பேசிப் பழகியவர். அப்புறம்தான் பெண்கள் சேமிப்புக் குழுக்களின் களஞ்சியம் இயக்கம். டெல்லியில் விருது வாங்கப் போன இடத்தில் பிரதமர் வாஜ்பாய் குனிந்து அவர் காலைத் தொட்டார். 2019-இல் பத்மஸ்ரீ வந்தது. தலைமைப் பண்புப் பயிற்சி என்று சான்றிதழ் கொடுக்கும் யாரிடமும் அவர் படிக்கவில்லை.

வெளியிலிருந்து வருவதே தப்பு என்றும் நான் சொல்ல மாட்டேன். 1948-இல் மதுரையில் லேடி டோக் கல்லூரியைத் தொடங்கிய கேட்டி வில்காக்ஸ் அமெரிக்கக்காரர்தான். ஆனால் வந்து, பல வருஷம் இங்கேயே இருந்தவர். இரண்டு நாள் ஏ.சி. ஹாலில் இருந்துவிட்டு, மூன்றாம் நாள் மீனாட்சி கோயிலையும் ஜிகர்தண்டாவையும் பார்த்துவிட்டு பிளைட் ஏறியவர் இல்லை. (ஜிகர்தண்டா மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை.)

சின்னப் பிள்ளைகள் விஷயம் இன்னும் சங்கடம். 'வளரிளம் பெண்கள் வலைப்பின்னல்' என்று வாட்ஸ்அப் குழு ஆரம்பிப்பார்கள். நம்ம ஊரில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளையின் நம்பர் என்று கொடுப்பது அநேகமாக அப்பாவின் நம்பர், இல்லாவிட்டால் அண்ணனுடையது. அதில் அந்தப் பிள்ளை எதை எழுதுவாள்? காலை வணக்கம் போடுவாள்.

நேற்று அந்தத் தம்பி மறுபடி கூப்பிட்டார். இந்தத் தடவை விவரமாகவே சொன்னேன். மொழிபெயர்க்கச் சம்பளத்துக்கு இரண்டு பேர் வேண்டும், நம்ம பக்கத்துப் பேச்சு புரிகிறவர்களாக. அக்காமாருக்கு அன்றைய கூலி வேண்டும். அவர்கள் கேட்க நினைப்பதை வருகிறவர்களுக்கு ஒரு மாசம் முன்னாலேயே அனுப்பி, பதிலோடு வரச் சொல்ல வேண்டும். "கமிட்டியில பேசிட்டுச் சொல்றேன்க்கா. முதல்ல கேள்வியை அனுப்புங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அந்த உசிலம்பட்டிப் பக்கத்து அக்காவைப் பார்க்கப் போகிறேன். பேத்தி இப்போது எட்டாவது படிக்கிறாளாம்.