வரைந்த வரைபடம் இப்போது யாரிடம் இருக்கிறது?

பழங்குடிப் பகுதிகளைப் பற்றிய புவியியல் ஆய்வுகளில் 'மக்களோடு இணைந்து செய்தது' என்ற வரி இப்போது தவறாமல் வந்துவிடுகிறது. ஊர்க்காரர்கள் நாலு பேர் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தாலே போதும்போல. வரைந்து முடித்த வரைபடம் யாரிடம் போய்ச் சேர்ந்தது என்று கேட்டால்தான் விஷயம் தெரியும்.

மெக்சிகோவின் ஓஹாக்கா மலைப்பகுதியில் நடந்ததைப் பாருங்கள். சபோடெக் பழங்குடியினரின் ஊர்களில் அமெரிக்கப் புவியியலாளர்கள் சிலர் ஊராருக்கே பயிற்சி கொடுத்து, அவர்களை வைத்தே வரைபடம் தயாரித்தார்கள். முறையைக் குறை சொல்ல முடியாது. ஆனால் 2009 ஜனவரியில் அங்குள்ள பழங்குடி அமைப்புகளின் கூட்டமைப்பு ஓர் அறிக்கை விட்டது: இந்தத் திட்டத்துக்கு அமெரிக்க ராணுவ அலுவலகம் ஒன்றின் பணம் வந்திருக்கிறது, அதை எங்களிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தோம் என்று ஆய்வாளர்கள் மறுத்தார்கள். அந்தச் சண்டை ஒருபக்கம் இருக்கட்டும். தன் நிலத்தைத் தானே வரைந்து கொடுத்தவருக்கு அது எங்கே போகிறது என்று சொல்ல உரிமை இல்லையென்றால், அதில் என்ன பங்கேற்பு?

கனடாவின் வடக்கே நடந்தது வேறு. அங்குள்ள பழங்குடியினரான இன்யூட் மக்களின் அமைப்பே முன்வந்து கேட்டுத் தொடங்கிய ஆய்வு அது. வாழ்நாளில் எங்கெல்லாம் வேட்டைக்குப் போனோம், எங்கே பொறி வைத்தோம் என்று வேட்டைக்காரர்கள் வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டினார்கள். 1976இல் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. அரசோடு நில உரிமை பேச உட்கார்ந்தபோது அது அவர்கள் கையில் இருந்த ஆதாரம். 1993 ஒப்பந்தத்தில் சுமார் 3,50,000 சதுர கிலோமீட்டர் நிலம் அவர்களுக்கு உரிமையானது. 1999இல் அவர்கள் வாழும் நுனாவுட் தனி ஆட்சிப்பகுதியானது. அதே ஒப்பந்தத்தில் பிறந்த காட்டுயிர் மேலாண்மை வாரியத்தில், தலைவரை விட்டுவிட்டால், பாதி இடம் இன்யூட் அமைப்புகள் நியமிப்பவர்களுக்கு. வாரியத்தின் முடிவை அமைச்சர் மாற்றலாம் என்பது உண்மைதான். இருந்தாலும் கருத்துக் கேட்டுவிட்டு அனுப்புவதற்கும் நாற்காலி கொடுத்து உட்காரவைப்பதற்கும் எவ்வளவு தூரம்!

அதே கனடாவில் 1998இலேயே, முதற்குடி மக்கள் (First Nations) எனப்படும் வேறு பழங்குடியினர், தங்களைப் பற்றிய தரவின் உடைமை, கட்டுப்பாடு, அணுகும் உரிமை, கைவசம் நான்கும் தங்களுக்கே என்று கொள்கை வகுத்துவிட்டார்கள். பல்கலைக்கழகங்கள்தான் மெதுவாக நகர்கின்றன. ஆய்வுக்குச் சம்மதம் வாங்கும் ஒப்புதல் படிவத்தில் தனி ஆள் கையெழுத்துப் போட இடம் இருக்கும். ஊர் கூடி 'வேண்டாம்' என்றால் எழுத எங்கே இடம்? ஆய்வுக்கு நிதி தருபவர்கள் முதலில் அந்தப் படிவத்தை மாற்றட்டும். ஊர் மறுத்த பிறகும் ஆய்வைத் தொடர்ந்தால் பணம் நிற்கும் என்று எழுதட்டும்.