காரணம் சொல்லாமல் ஜூரரை நீக்கும் உரிமை எதற்கு?

அமெரிக்காவில் விபத்து நஷ்டஈடு, பணத் தகராறு மாதிரியான சிவில் வழக்குக்கும் ஜூரி, அதாவது வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் பொதுமக்கள் குழு, வேண்டும் என்று கேட்கலாம். அதில் உட்காருபவர்தான் ஜூரர். 1791-லேயே ஏழாவது திருத்தமாக அரசியலமைப்பில் சேர்த்துவிட்டார்கள். அந்தத் திருத்தப்படி, கூட்டாட்சி (மத்திய அரசு) நீதிமன்றங்களில் வழக்கின் மதிப்பு 20 டாலரைத் தாண்டினால் போதும். அந்தத் தொகை இன்றுவரை மாறவில்லை. பெரிய கம்பெனியை எதிர்த்து நிற்கும் தொழிலாளியின் வழக்கை ஊர் மக்களே கேட்டு முடிவு சொல்வது எவ்வளவு பெரிய விஷயம்! ஆனால் அந்த நாற்காலிகளில் யார் உட்காருகிறார்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

எட்மன்சன் வழக்கைப் பாருங்கள். லூசியானாவில் ஃபோர்ட் போல்க் ராணுவ முகாமில் கட்டட வேலை பார்த்த கறுப்பினத் தொழிலாளி அவர். ஒரு கான்கிரீட் கம்பெனியின் லாரி பின்னால் உருண்டுவந்து அவரை நெருக்கிவிட்டது. வழக்குப் போட்டார், ஜூரி கேட்டார். காரணமே சொல்லாமல் மூன்று பேரை நீக்கும் உரிமை ஒவ்வொரு தரப்புக்கும் உண்டு. கம்பெனித் தரப்பு அதில் இரண்டைக் கறுப்பினத்தவர்களை வெளியேற்றப் பயன்படுத்தியது. ‘ஏன் என்று கேளுங்கள்’ என்றார் எட்மன்சனின் வக்கீல். சிவில் வழக்கில் அப்படிக் கேட்க முடியாது என்று நீதிபதி மறுத்துவிட்டார். கடைசியில் 11 வெள்ளையர்கள், ஒரே ஒரு கறுப்பினத்தவர். சேதம் 90,000 டாலர், ஆனால் 80 சதவீதத் தவறு எட்மன்சனுடையது என்றது ஜூரி. மிஞ்சியது 18,000.

வேறு ஆட்கள் இருந்திருந்தால் வேறு கணக்கு வந்திருக்குமா? யாராலும் சொல்ல முடியாது. தோற்றவர் காலம் முழுக்க அந்தச் சந்தேகத்தோடு இருக்க வேண்டும் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சிவில் வழக்கிலும் இனம் பார்த்து நீக்கக் கூடாது என்று 1991-ல் இதே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1994-ல் ஆண், பெண் என்று பார்த்தும் நீக்கக் கூடாது என்றது. நல்ல தீர்ப்புகள்தான். ஆனால் மறுதரப்பு ஆட்சேபித்தால், வக்கீல் வேறு ஏதாவது ஒரு காரணம் சொன்னால் போதும். ஒரு குற்ற வழக்கில், ஜூரரின் நீளமான கலைந்த முடி, மீசை, குறுந்தாடி என்பதையே காரணமாகச் சொன்னார்கள். காரணம் சொல்லும் அந்தக் கட்டத்தில் அது நம்பும்படி இருக்க வேண்டியதுகூட இல்லை என்று 1995-ல் சொன்னது அதே உச்ச நீதிமன்றம். அதற்குப் பிறகு, எதிராளியின் மனதில் இருந்தது இனப் பாகுபாடுதான் என்று ஆட்சேபித்தவர் நிரூபிக்க வேண்டும். எப்படி நிரூபிப்பது?

அரிசோனா மாநிலம் 2022 ஜனவரியில், காரணம் சொல்லாமல் நீக்கும் இந்த உரிமையையே எடுத்துவிட்டது, சிவில், கிரிமினல் இரண்டிலும். வழக்காடுபவருக்கு ஜூரிமேல் நம்பிக்கை வர இது வேண்டும் என்று வக்கீல்கள் வாதிடுகிறார்கள். சரி, ஒருவர் பாரபட்சமானவர் என்று தோன்றினால் காரணத்தைச் சொல்லி நீதிபதியிடம் நீக்கச் சொல்லலாமே, அந்த வழி எப்போதும் திறந்துதான் இருக்கிறது. அதற்காக ஜூரர்களிடம் இன்னும் அதிகமாகக் கேள்வி கேட்க வக்கீலுக்கு நேரம் கொடுக்கட்டும். வாயால் சொல்ல முடியாத காரணத்துக்காக ஒருவரை எழுப்பி அனுப்பும் அதிகாரத்தை மற்ற மாநிலங்களும் கூட்டாட்சி நீதிமன்றங்களும் கைவிட வேண்டும்.