இருட்டில் ஒளிர்ந்தால் அசல் குரோனோகிராப்பா?

"1960களின் குரோனோகிராப் (ஸ்டாப்வாட்ச் வசதியுள்ள கைக்கடிகாரம்) வாங்கும்போது விளக்கை அணைத்துப் பாருங்கள். முள் பளிச்சென்று ஒளிர்ந்தால் அசல்." கரோசல் விற்பனைச் செயலியில் பழைய கைக்கடிகாரம் தேடுவோரிடையே வாட்ஸ்அப்பில் சுற்றும் இந்தத் தகவல் தவறு. உண்மை ஏறக்குறைய தலைகீழ்.

முகப்பில் 6 மணிக்குக் கீழே ‘டி சுவிஸ் டி’ என்றிருந்தால், இருட்டில் ஒளிர இடும் பூச்சில் டிரிடியம் என்ற கதிரியக்கப் பொருள் உண்டு. அதன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறையும் காலம், 12.3 ஆண்டு. 60 ஆண்டில் எஞ்சுவது 3 சதவீதம் சொச்சம். பளிச்சென்று ஒளிர வழியில்லை. அதற்கும் முந்தைய ரேடியம் பூச்சில் கதிர்வீச்சு இன்னும் இருக்கும், ஒளி தரும் துத்தநாக சல்பைடுதான் கருகியிருக்கும். அதைச் சுரண்டவே கூடாது, தூள் மூச்சில் போனால் ஆபத்து.

யுவி டார்ச்சைப் பத்து வினாடி அடித்து அணையுங்கள். பழைய டிரிடியம் ஒளிர்ந்தாலும் சட்டென மங்கிவிடும். பல நிமிடம் நின்றால் அது 1990களில் வந்த சூப்பர் லூமினோவா போன்ற பூச்சு. அதாவது மறுபூச்சு, அல்லது சர்வீசில் மாற்றிய முள். முள்ளும் முகப்பும் வெவ்வேறாக மங்கினால் சந்தேகப்படுங்கள். ஆனால் ஆலையிலேயே இரண்டுக்கும் வேறு கலவை இட்டதும் உண்டு.

பத்து மடங்கு லென்ஸில் பூச்சின் விளிம்பைப் பாருங்கள். நம்மூர் ஈரப்பதத்தில் முகப்பு கறைபட்டிருக்க, பூச்சு மட்டும் புதுசாக இருந்தால் ஏதோ நடந்திருக்கிறது.

பூச்சு தேறினாலும் பின்மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். உதாரணமாக, ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் 105.012 மாடல் கூட்டுக்குள் 321 இயந்திரம்தான் இருக்க வேண்டும். 861 இருந்தால் பிற்பாடு மாற்றியது.