கையில் 1,500 வெள்ளிதான் இருக்கிறதா? முதலில் லென்ஸுக்குப் பணத்தை ஒதுக்குங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை பட்டர்வொர்த்தில் அண்ணன் வீட்டில் இருந்தேன். சாப்பிட்டு முடித்ததும் அண்ணன் மகள் கைப்பேசியை என் முன்னால் நீட்டினாள். பழைய கேமரா விற்கும் விளம்பரங்கள் இரண்டு. ஒன்று சோனி ஏ6000, கூடவே வரும் 16-50 லென்ஸோடு சேர்த்து 1,350 வெள்ளி (ரிங்கிட்). இன்னொன்று நிக்கான் டி3300, லென்ஸ் இல்லாமல் பாடி மட்டும், 650 வெள்ளி. "அத்தை, எதை வாங்கட்டும்? என்கிட்ட 1,500 தான் இருக்கு."

எஸ்டிபிஎம் பள்ளித் தேர்வை முடித்துவிட்டு ஐந்து மாதம் துணிக்கடையில் நின்று சேர்த்த பணம் அது. அவளுடைய நண்பர்கள் எல்லாரும் சோனி என்று சொல்லிவிட்டார்களாம். நான் நிக்கான் என்றேன். பிள்ளையின் முகம் வாடிவிட்டது. விளக்கிச் சொல்ல அன்றைக்கு நேரம் இல்லை, ஃபெர்ரிக்கு ஓட வேண்டியிருந்தது. அதனால் இங்கே எழுதுகிறேன் மா, பொறுமையாகப் படி. இதே கேள்வியை என்னிடம் கேட்ட மற்றவர்களும் படிக்கலாம்.

அந்த நிக்கான் டிஎஸ்எல்ஆர், லென்ஸ் வழியே வரும் காட்சியை உள்ளே ஒரு கண்ணாடி வைத்துக் காட்டும் கேமரா. சோனி மிரர்லெஸ், அந்தக் கண்ணாடி இல்லாதது. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்றைக்கு என் பையில் இருப்பது மிரர்லெஸ்தான், ஃபியூஜி எக்ஸ்-டி30. பழைய பாசத்தில் நான் டிஎஸ்எல்ஆருக்காகப் பேசவில்லை. பணக்கவலை இல்லாமல் கடைக்குப் போய்ப் புதிதாக வாங்குகிறவருக்கு மிரர்லெஸ் என்றுதான் சொல்வேன். நிக்கானின் தொடக்கநிலை டிஎஸ்எல்ஆர் வரிசையே 2018-இல் வந்த டி3500-உடன் நின்றுவிட்டது. ஆனால் நீ கேட்டது 1,500 வெள்ளிக் கேள்வி. அதற்குப் பதில் வேறு.

உன் நண்பர்கள் ஒன்றைப் பழையது என்றும் மற்றதைப் புதியது என்றும் பிரிக்கிறார்கள். இரண்டுமே 2014-இல் வந்தவை. டி3300 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது, ஏ6000 பிப்ரவரியில். ஒரு மாத இடைவெளி. இரண்டிலும் படத்தைப் பதியும் சென்சார் ஏபிஎஸ்-சி என்ற ஒரே வகை அளவு, இரண்டிலும் 24 மெகாபிக்சல். ஒரே லென்ஸ் அளவு, ஒரே வெளிச்சம் என்று வைத்து எடுத்தால், எந்தப் படம் எதிலிருந்து வந்தது என்று உன்னாலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. கண்ணாடி உள்ளே இருக்கிறதா இல்லையா என்பது, நீ எப்படிப் பார்க்கிறாய், கேமரா எப்படிக் குவிக்கிறது (ஃபோகஸ் செய்கிறது) என்பதை மாற்றும். சென்சார் மேல் விழும் வெளிச்சத்தை அது கூட்டாது. அந்த வேலை லென்ஸுடையது.

நீ எதையெல்லாம் எடுக்க ஆசைப்படுகிறாய் என்று கேட்டேன் அல்லவா? தைப்பூசத்துக்கு ரதம் வரும்போது எடுக்க வேண்டும், பாட்டி சமைக்கும்போது எடுக்க வேண்டும், லிட்டில் இந்தியாவில் ராத்திரி எடுக்க வேண்டும் என்றாய். மூன்றிலும் வெளிச்சம் குறைவு. பினாங்கு ஸ்திரீட் கோயில் வீட்டிலிருந்து காலையில் புறப்படும் வெள்ளி ரதம் தண்ணீர்மலை போய்ச் சேர ராத்திரி ஆகிவிடும். பாட்டியின் அடுப்படியில் ஒரே ஒரு டியூப்லைட், அதுவும் அவருக்குப் பின்னால். நம் ஆட்களின் வாழ்க்கையில் படம் எடுக்கத் தகுந்த நேரம் பாதிக்கு மேல் விடியலுக்கு முன்னாலும் இருட்டிய பிறகும்தான் வருகிறது. கடற்கரையில் பகல் வெயிலில் எடுக்கப் போவதாக இருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். அதற்குக் கைப்பேசியே போதும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். 2013-இல் நான் நிக்கான் டி3200 வாங்கினேன், கூட வந்த 18-55 லென்ஸோடு. குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயில் பக்கம் ஒரு அக்கா பூக்கட்டிக்கொண்டிருப்பார். தலைக்கு மேலே ஒரு பல்பு. வலது கைவிரல் நாரைச் சுற்றும், இடது கைவிரல் இரண்டு மல்லிகையைக் காம்போடு காம்பு சேர்த்துப் பிடிக்கும், ஒரு இழுப்பு, முடிச்சு விழுந்துவிடும். அந்த விரல்களை எடுக்க வேண்டும் என்று எத்தனையோ வெள்ளிக்கிழமை போய் நின்றேன். லென்ஸை 55-க்கு நீட்டினால் வெளிச்சம் நுழையும் துவாரம் எஃப் 5.6-க்குச் சுருங்கிவிடும் (எஃப் எண் கூடக்கூடத் துவாரம் சிறிது). வெளிச்சத்தை உணரும் திறனான ஐஎஸ்ஓவை 3200 வைத்தாலும் ஷட்டர் வேகம் 1/15 விநாடிக்கு மேல் ஏறாது. பின்னால் இருக்கும் தகரத் தட்டு துல்லியமாக விழும். விரல்கள் மட்டும் புகை மாதிரி இருக்கும். கை நடுக்கத்தைச் சரிசெய்யும் வசதி லென்ஸில் இருக்கிறதே என்று நினைத்தேன். அது என் கை நடுக்கத்துக்கு. அந்த அக்காவின் விரல் ஓட்டத்தை அது எப்படி நிறுத்தும்?

ஒரு வருடம் கழித்து 35 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் வாங்கினேன். நிக்கான் 2009-இல் கொண்டுவந்தது, 200 கிராம்தான், ஜூம் கிடையாது. எஃப் 5.6-ஐவிட எஃப் 1.8-இல் ஏறக்குறைய ஒன்பதரை மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். அதே பல்பு, அதே கேமரா, அதே ஐஎஸ்ஓ. 1/15 இருந்த இடத்தில் 1/125 கிடைத்தது. ஜூம் இல்லாததால் இரண்டடி முன்னால் போய் நிற்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். நாரின் முறுக்கு தெரிந்தது. கட்டைவிரல் நகத்துக்குள் ஒட்டியிருந்த பச்சை தெரிந்தது. பூவில் தெளித்த தண்ணீர் விரல் நுனியில் ஒரு சொட்டாகத் தொங்குவது தெரிந்தது. அந்தப் படத்தை அச்சுப்போட்டு அவரிடம் கொடுத்தபோது அவர் தன் முகத்தைப் பார்க்கவில்லை. "என் கையா இது?" என்று ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சரி, கணக்குக்கு வருவோம். அந்த 35 எம்எம் லென்ஸ் பழையதாக 400 வெள்ளியை ஒட்டி விற்கப்படுவதைப் பார்க்கிறேன். 650-உம் 400-உம் சேர்ந்து 1,050. மீதி 450 உன் கையில். மெமரி கார்டு, இன்னொரு பேட்டரி, ஈரம் படாமல் கேமராவை வைக்கும் டிரை பாக்ஸ் எல்லாம் அதற்குள் அடங்கும். சோனி வாங்கினால் 1,350 போய் 150 மிஞ்சும். கையில் இருப்பது 16-50, எஃப் 3.5-இல் தொடங்கி 5.6-இல் முடிவது. நான் ஒரு வருடம் பட்ட பாட்டை நீயும் படுவாய். சோனியின் சொந்த 35 எம்எம் எஃப் 1.8 நல்ல லென்ஸ்தான். ஆனால் பழையதாகத் தேடினாலும் நிக்கான் லென்ஸைப் போல இரண்டு மடங்குக்குக் குறைந்து என் கண்ணில் பட்டதில்லை.

இந்த இடத்தில் விஷயம் தெரிந்தவர்கள் வில்ட்ராக்ஸ், டிடிஆர்டிசன் என்று தொடங்குவார்கள். சீனாவிலிருந்து மலிவாக ஆட்டோஃபோகஸ் லென்ஸ்கள் வருகின்றன, உண்மைதான், நல்லதும்தான். ஏ6000 பாடியைத் தனியாகப் பிடித்து அதில் ஒன்றைப் போட்டால் 1,700 வெள்ளிக்குள் முடிக்கலாம். இன்னும் ஒரு மாதம் கடையில் நிற்க உனக்குச் சம்மதம் என்றால் எனக்கும் அது சம்மதம். ஆனால் கூடவே வரும் கிட் லென்ஸோடு வாங்கிவிட்டு 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று மட்டும் இருந்துவிடாதே. அந்த அப்புறம் வருவதற்குள் படம் எடுக்கும் ஆசையே வடிந்துபோனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மிரர்லெஸ் பக்கம் இருக்கும் நியாயத்தையும் மறைக்கக் கூடாது. எடை என்று எல்லாரும் சொல்வார்கள். பேட்டரியும் கார்டும் போட்டால் ஏ6000 344 கிராம், டி3300 460 கிராம். நூற்றுச் சொச்சம் கிராம் எனக்கு ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. தடிமன்தான் விஷயம். சோனி 45 மில்லிமீட்டர், நிக்கான் 75-க்கும் மேல். ஒன்று கைப்பைக்குள் போகும், இன்னொன்று தனிப் பை கேட்கும். வேலைக்குப் போகும்போதும் கூடவே எடுத்துப் போக வேண்டும் என்றால் சோனிக்குத்தான் என் ஓட்டு.

எடையைவிட நான் மதிப்பது அந்தச் சாய்க்கும் திரையை. பெரிய கேமராவைக் கண்ணுக்கு முன்னால் தூக்கினால் நம் பாட்டிமார்கள் கரண்டியைக் கீழே வைத்துவிடுவார்கள். முந்தானையை இழுத்துவிட்டு, கையைக் கட்டி, அடையாள அட்டைப் படத்துக்கு நிற்பதுபோல் நிற்பார்கள். ஏ6000-இன் திரையை மேலே சாய்த்து வயிற்றுக்கு நேரே வைத்துக்கொண்டால் நீ குனிந்து எதையோ பார்ப்பதாகத்தான் தெரியும், பேச்சும் நிற்காது. டி3300-இன் திரை அசையாது. திரையைப் பார்த்து எடுக்கப் போனால் அது குவிப்பதற்குள் தாளிப்பு கருகிவிடும். என் அம்மாவிடம் நான் செய்தது வேறு. அரை மணி நேரம் ஒரு படமும் எடுக்காமல், கேமராவைக் கழுத்தில் போட்டுக்கொண்டே வெங்காயம் உரித்துக் கொடுத்தேன். அதன்பிறகு அவர் கேமராவை மறந்துவிட்டார். எல்லாரிடமும் இது நடக்கும் என்று சொல்ல மாட்டேன். பாட்டியிடம் நடக்கும் என்று நம்புகிறேன்.

குவிப்பிலும் சோனிக்குத்தான் பலம். டி3300-இல் 11 குவிப்புப் புள்ளிகள், ஏ6000-இல் 179. டிஎஸ்எல்ஆரில் வெளிச்சத்தின் ஒரு பங்கு கீழே இருக்கும் தனிக் குவிப்புக் கருவிக்குப் போகிறது. அதற்கும் சென்சாருக்கும் இடையே இம்மி பிசகினாலும் கண்ணுக்குப் பதில் காது துல்லியமாக விழும். தொடக்கநிலை பாடிகளில் அதை நாமே திருத்திக்கொள்ள வழி கிடையாது. மிரர்லெஸ் சென்சாரிலேயே குவிப்பதால் அந்தத் தொல்லை இல்லை. அதனால் டி3300-ஐ வாங்கப் போகும்போது அந்த 35 எம்எம் லென்ஸையே மாட்டி, எஃப் 1.8-இல் ஒரு பத்திரிகை எழுத்தைச் சாய்வாக எடுத்துப் பார்க்க வேண்டும். குவித்த வரிதான் துல்லியமாக விழுந்திருக்கிறதா என்று பெரிதாக்கிப் பார். இல்லை என்றால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிடு.

பேட்டரியில் நிக்கான் ஜெயிக்கிறது. ஒரு சார்ஜுக்கு 700 படம் என்பது டி3300-இன் கணக்கு. ஏ6000-க்கு, கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் வழியாகப் பார்த்து எடுத்தால் 310. தண்ணீர்மலையில் 513 படி ஏறி மேலே போன பிறகு பேட்டரி செத்துப்போவது எப்படி இருக்கும் என்று போய் அனுபவித்தவர்களைக் கேள்.

வீடியோதான் முக்கியம் என்றால் மேலே எழுதிய எதையும் யோசிக்காதே, மிரர்லெஸ் வாங்கு. நீ அப்படிச் சொல்லவில்லை.

'செத்துப்போன சிஸ்டத்தில் பணம் போடாதே' என்று உன் நண்பன் ஒருவன் சொன்னானாம். அதற்கு மட்டும் எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. நிக்கான் ஒன் மிரர்லெஸ்தான், 2018-இல் மூடினார்கள். சாம்சங் என்எக்ஸ் மிரர்லெஸ்தான், இன்றைக்கு அது இல்லை. கேனனின் ஈஎஃப்-எம் வரிசையும் முடிந்துவிட்டது. அவற்றுக்குப் பழைய லென்ஸ் தேடுகிறவர்கள் படும் பாட்டைப் பார்த்திருக்கிறேன். நிக்கானின் எஃப் மவுண்ட், அதாவது லென்ஸ் மாட்டும் வாய், 1959-இலிருந்து இருக்கிறது. புதிதாக வராவிட்டால் என்ன, இருக்கிற லென்ஸ்களே உன் பேரப்பிள்ளைகள் காலம்வரை கைமாறும். ஆனால் ஒரு எச்சரிக்கை. டி3300-க்குள் குவிப்பு மோட்டார் கிடையாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று 50 எம்எம் எஃப் 1.8டி வாங்கிவிடாதே, கையால்தான் குவிக்க வேண்டியிருக்கும். பெயரில் ஏஎஃப்-எஸ் என்று இருக்க வேண்டும். ஏஎஃப்-பி என்றால் முதலில் கேமராவின் உள்மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பிக்க வேண்டும்.

கடைசியாகப் பூஞ்சை. நம் ஊர் ஈரத்தில் கேமராவைக் கெடுக்கும் முதல் எதிரி இதுதான். இணையத்தில் ஒருவர் 'புதுசு மாதிரி' என்று சொல்லி விற்ற லென்ஸை நான் வீட்டுக்குக் கொண்டுவந்து விளக்கில் பிடித்தபோது, உள்ளே சிலந்தி வலை மாதிரி வெள்ளை இழை ஓடியிருந்தது. கேட்டால், வாங்கும்போது பார்த்திருக்க வேண்டியதுதானே என்றார். 300 வெள்ளி போயிற்று. அதனால் டார்ச் இல்லாமல் லென்ஸ் வாங்கப் போகாதே. துவாரத்தை முழுதாகத் திறந்து, ஒரு பக்கம் விளக்கைச் சாய்த்துப் பிடித்து, மறுபக்கத்திலிருந்து பார். பாடியில் ஷட்டர் கவுண்ட், அதாவது ஷட்டர் இதுவரை எத்தனை தடவை இயங்கியிருக்கிறது என்று கேள். டி3300-இன் ஷட்டர் 100,000 தடவைக்குச் சோதிக்கப்பட்டது. 20,000, 30,000 என்றால் கவலை இல்லை. எஃப் 16-இல் வெள்ளைச் சுவரை எடுத்துப் பார்த்தால் சென்சாரில் இருக்கும் தூசி தெரிந்துவிடும். வாங்கியதும் அலமாரியில் துணிகளுக்கு நடுவே வைக்காதே. டிரை பாக்ஸில் ஈரப்பதம் 40-க்கும் 50-க்கும் நடுவில் இருக்கட்டும்.

வருகிற சனிக்கிழமை அந்த டி3300-ஐப் பார்க்க இரண்டு பேரும் போகிறோம். டார்ச்சும் பத்திரிகையும் நான் கொண்டுவருகிறேன் மா. பினாங்கிலோ பட்டர்வொர்த்திலோ யாரிடமாவது அந்த 35 எம்எம் ஏஎஃப்-எஸ் லென்ஸ் பூஞ்சை இல்லாமல், பயன்படாமல் கிடந்தால், வெள்ளிக்கிழமைக்குள் எனக்குத் தனிச்செய்தி போடுங்கள். நியாயமான விலை தருகிறோம்.