இரைச்சல் என்று சிரித்தவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை நம் சிங்கப்பூர்த் தமிழ் நிகழ்ச்சியில், மெட்டல் என்ற அதிரடி ராக் இசை வாசித்த பையன்களுக்கு நடந்ததை நான் மறுபடி விவரிக்கப் போவதில்லை. பாதிப் பேர் நேரில் இருந்தீர்கள், மீதிப் பேருக்கு வாட்ஸ்அப்பில் வீடியோ வந்திருக்கும். இரண்டாவது உருப்படி பாதியில் இருக்கும்போதே ஒலியைக் குறைத்து, திரையை இழுத்து, பையன்கள் ஒன்றும் புரியாமல் உள்ளே வாசித்துக்கொண்டே இருக்க, அறிவிப்பாளர் காதைத் தேய்த்தபடி வந்து "சரி, இனி இசைக்குப் போவோம்" என்றாரே, அதைத்தான் சொல்கிறேன். அதைவிட அரங்கம் சிரித்த சிரிப்பை.

பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள். தாராளமாகச் சொல்லுங்கள். இது இசையே இல்லை என்று சொல்வதற்கு மட்டும் கொஞ்சமாவது இசை தெரிந்திருக்க வேண்டும்.

அன்றைக்கு அவர்கள் வாசித்தது கீரவாணி. தாய் ராகங்களான மேளகர்த்தாக்களில் 21ஆவது. மேற்கே அதற்கு ஹார்மோனிக் மைனர் என்று பெயர், மெட்டல் கிட்டார்காரர்களுக்கு அது இல்லாமல் பிழைப்பு ஓடாது. அவர்கள் உயிராகப் பிடித்துக்கொள்ளும் இன்னொன்று பிரிஜியன் டாமினன்ட், நம் வகுளாபரணம். கிட்டாரைத் தாழ்த்தி சுருதி சேர்த்து, ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் போட்டுவிட்டால் ராகம் செத்தா போய்விடும்? தாளத்துக்கு வாருங்கள். ஆதி தாளம் ஓர் ஆவர்த்தனத்துக்கு, அதாவது ஒரு முழுச் சுற்றுக்கு, 32 மாத்திரை. அந்தக் கிட்டார் ஏழு ஏழாக நாலு தடவை போய், மிச்சம் இருக்கும் நாலையும் வாசித்துவிட்டு, சுற்றின் முதல் அடியான சமத்தில் வந்து உட்கார்ந்தது. இதையே மிருதங்கத்தில் செய்தால் முன்வரிசையில் "பலே" என்கிறீர்கள். வெளிநாட்டு டிரம்மர் ஒருவர் தாளச் சொற்களை வாயால் அடுக்கிக் கொன்னக்கோல் சொன்னால் "நம் பாரம்பரியம் பாருங்கள்" என்று நாலு குழுவுக்கு அனுப்புகிறீர்கள். நம் பிள்ளை செய்தால் திரை விழுகிறது.

ஆமாம், டிரம்ஸ் வாசித்தவன் என் அக்கா மகன். "அதனால்தானே இந்தக் குதி குதிக்கிறாய்" என்று கேட்பீர்கள். அதனால்தான். அவன் எப்படி உழைத்தான் என்பது எனக்குத் தெரியும். ஆறு வயதில் மிருதங்கத்தில் உட்கார்ந்தவன். வீவக அடுக்குமாடி வீட்டில் டிரம்ஸ் வைத்து அடித்தால் மாடி வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார் என்று ரப்பர் பேடில், காதில் வேகம் காட்டும் மெட்ரோனோம் மாட்டிக்கொண்டு, நிமிடத்துக்கு 120 அடியில் ஆரம்பித்து 220 வரை ஏற்றுவான். கட்டை விரல் ஓரத்தில் தோல் உரிந்து, பிளாஸ்டர் ஒட்டி, அதுவும் வியர்வையில் கழன்று தொங்கும். இளைஞர்களுக்குக் கட்டாயமான தேசிய சேவையிலிருந்து வார இறுதிக்கு வந்தால்கூடத் தூங்க மாட்டான், மணிக்கு இத்தனை வெள்ளி என்று ஜாமிங் ஸ்டூடியோவுக்குக் கொடுத்துவிட்டு வருவான்.

அவனுடைய மிருதங்க வாத்தியார் ஒருமுறை இவர்கள் நிகழ்ச்சிக்கு வந்தார். எழுபதைத் தாண்டியவர், வேட்டி சட்டையோடு, சுற்றிலும் கறுப்பு டீ ஷர்ட் பட்டாளம். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கை தொடையில் தாளம் போடுவதை நிறுத்தவே இல்லை. வெளியே வந்ததும், "சமம் ஒரு இடத்திலும் தப்பலம்மா. காதுதான் வலிக்குது" என்றார். அவ்வளவுதான். பிடிக்காதவர் பேசவேண்டிய முறை அது.

"குடும்ப நிகழ்ச்சி, குழந்தைகள் இருந்தார்கள்." சரி, நியாயம். அப்படியானால் எதற்குக் கூப்பிட்டீர்கள்? ஒத்திகையில் முழுசாகக் கேட்டுத்தானே தலையாட்டினீர்கள்? அதோடு, இவர்களை இறக்கிவிட்டுப் போட்ட சினிமாப் பாட்டுக்கு எட்டு வயதுப் பெண் குழந்தை இடுப்பை ஆட்டியதே, அந்த வரிகளுக்கு என்ன அர்த்தம் என்று அறிவிப்பாளர் கொஞ்சம் விளக்கியிருக்கலாம்.

"மெட்டல் என்றாலே சாத்தான்." 2019இல் சாத்தானைப் போற்றும் ஸ்வீடனின் வாட்டைன் குழுவுக்கு இங்கே கடைசி நேரத்தில் அனுமதி ரத்தானதை இதற்குள் இழுக்காதீர்கள். இதே ஊரில் 1992இல் தொடங்கிய ருத்ரா குழு, டெத் மெட்டல் என்ற உறுமல் பாணியில் வேதாந்தம் பாடுகிறது. 'பிரம்மவித்யா' என்று மூன்று ஆல்பம், 2005, 2009, 2011. உலகத்தில் எங்கெங்கோ இருப்பவர்கள் வேதிக் மெட்டல் என்று தேடிக் கேட்கிறார்கள், நம் லிட்டில் இந்தியாவில், தேக்காவில் நின்று கேட்டால் எத்தனை பேருக்குத் தெரியும்?

"சாஸ்திரிய சங்கீதத்துக்கு அவமானம்." இதற்குத்தான் எனக்குச் சிரிப்பு வருகிறது. முத்துசுவாமி தீட்சிதர் வெள்ளைக்காரன் பேண்டு மெட்டுகளைக் கேட்டு நோட்டுஸ்வரப் பாடல்கள் செய்தவர், அதில் ஒன்று பிரிட்டிஷ் ராஜாவை வாழ்த்தும் மெட்டு. அவர் தம்பி பாலுசாமி தீட்சிதர் மேல்நாட்டு வயலினை நம் கச்சேரிக்குள் கொண்டுவந்தவர். அன்றைக்குத் திரை இழுக்க ஆள் இருந்திருந்தால் இன்றைக்கு உங்கள் மகள் சிறப்பு வகுப்பில் வயலின் கற்றுக்கொண்டிருக்க மாட்டாள்.

மெட்டல் பாடுகிறவர்களின் அந்த உறுமல் குரலைப் பற்றி ஒன்று. தொண்டை கிழியக் கத்துவதில்லை அது. உண்மையான குரல்நாணுக்கு மேலே இருக்கும் மடிப்பை அதிரவைத்து, வயிற்றிலிருந்து மூச்சைப் பிடித்து எடுப்பது. தப்பாகச் செய்தால் ஒரு வாரம் பேச்சே வராது. முடிந்தால் வீட்டில் முயன்று பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பையன்கள் தமிழில் பாடினார்கள். ஏப்ரலில் தமிழ் மொழி விழா வந்தால் மேடைக்கு மேடை "இளையர்கள் தமிழில் புழங்க வேண்டும்" என்கிறோம். 2020 கணக்கெடுப்பில் வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசுகிறவர்கள், ஐந்து வயதும் அதற்கு மேலுமான சிங்கப்பூர்வாசிகளில் 2.5 விழுக்காடு. இவர்களின் கிட்டார்காரன் மலாய்ப் பையன். போன நிகழ்ச்சியில் முன்வரிசையில் நின்ற அவன் கூட்டாளிகள் தமிழ் வரியை மனப்பாடமாகச் சேர்ந்து கத்தினார்கள், ழகரம்கூடப் பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை அவனும் மேடையில்தான் இருந்தான். காரில் வரும்போது என் அக்கா மகனிடம், அந்த அறிவிப்பாளர் நம்மைப் பற்றி என்ன சொன்னார், ஏன் எல்லாரும் சிரித்தார்கள் என்று கேட்டானாம். இவன் "நன்றி சொன்னார்" என்று சொல்லிவைத்திருக்கிறான்.

அக்கா இந்தப் பதிவைப் போடாதே என்றாள். எல்லாரும் தெரிந்தவர்கள், நாளைக்கு ஒரு கல்யாணத்தில் முகத்தில் முழிக்க வேண்டும் என்றாள். நான் முழிப்பேன். அவர்கள் என்ன செய்வார்கள் என்று அவர்கள் யோசிக்கட்டும்.