கறுவா எண்ணெயைக் கழுத்தில் தேய்க்க வேண்டாம்

"மரவாசமும் காரமும் கலந்த சென்ட் அடிக்கிறவன் உறுதியான ஆள், மணம் நிற்காட்டி இரண்டு துளி கறுவா எண்ணெய் கழுத்தில் தேய்" என்று ஒரு தம்பி எழுதியதில் பின்பாதி ஆபத்து. கறுவாப்பட்டை எண்ணெயில் பெரும்பங்கு சினமால்டிஹைட் என்ற இரசாயனம். கலக்காமல் தோலில் பட்டால் எரியும், சிவக்கும். சிலருக்கு ஒவ்வாமையும் பிடிக்கும், பிடித்தால் இலேசில் போகாது. இலை எண்ணெயும் பாதுகாப்பில்லை, அதில் தோலை உறுத்தும் யூஜினோல் என்ற இரசாயனம் அதிகம்.

மணம் நிற்காததற்குக் காரணம் வேறு. சென்ட்டில் மிளகு, ஏல வாசம் முதலில் எழும்பி அரை மணித்தியாலத்துக்குள் அடங்கிவிடும்; சந்தனம், சீடர் மரம், வெட்டிவேர் வாசம்தான் கடைசிவரை நிற்கும். மட்டக்களப்பு வெக்கையில் அந்த முதல் கட்டம் இன்னும் சுருங்கும். குளித்து ஈரம் துடைத்து, மணமில்லாத கிரீம் கொஞ்சம் பூசி, அதன்மேல் 2 தரம் அடியுங்கள். சேட்டிலும் ஒருதரம் அடிக்கலாம், வெள்ளையென்றால் கறை பார்த்து. போத்தலில் ஓ டி டொய்லெட் என்றிருந்தால் வாசனைச் சரக்கு ஏறக்குறைய 5–15 வீதம், ஓ டி பார்ஃபம் என்றால் 15–20. நேரம் வேண்டுமென்றால் பிந்தியதை வாங்குங்கள்.

உறுதியான ஆள் கதை விளம்பரக்காரர் கட்டியது. காரச் சென்ட்டில் வரும் கராம்பு வாசம் பலருக்குப் பல் டாக்டரைத்தான் ஞாபகப்படுத்தும். கல்முனை பஸ்ஸில் 6 தரம் அடித்துக்கொண்டு ஏறினால் பக்கத்துச் சீற்காரருக்குத் தலையிடி.