‘நி’யும் ‘எ’யும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல

ஜப்பானிய மொழியில் ‘நி’, ‘எ’ ஆகிய இரண்டு இடைச்சொற்களும் நம் ‘-க்கு’ உருபுக்கு நிகரானவை என்றும், எங்கும் ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றை இடலாம் என்றும் சிலர் சொல்வது பாதி மட்டுமே சரி. போதல், வருதல், வீடு திரும்புதல் போன்ற வினைகளோடு, ‘தோக்யோ நி இகிமஸ்’, ‘தோக்யோ எ இகிமஸ்’ (டோக்கியோவுக்குப் போகிறேன்) என இருவகையிலும் சொல்லலாம். முன்னது சென்று சேரும் இடத்தையும் பின்னது செல்லும் திசையையும் சற்றே அழுத்துகின்றன என்றாலும், அன்றாடப் பேச்சில் அந்த வேறுபாடு பெரிதாக உணரப்படுவதில்லை.

ஆனால் ‘ஷிச்சிஜி நி ஒகிமஸ்’ (ஏழு மணிக்கு எழுகிறேன்) என்பதில் நேரத்தைக் குறிக்க ‘எ’ வரவே வராது. ரயிலில் ஏறுவதைச் சொல்லும் ‘தென்ஷா நி நொரிமஸ்’ என்ற தொடரிலும் ‘நி’யே வேண்டும், தமிழில் அங்கே ‘-இல்’ வருவதைக் கவனித்தால், ‘-க்கு’ என்ற ஒரே உருபை நம்பிக் கற்பது எவ்வளவு இடறும் என்பது புரியும். மறுபுறம், ‘நண்பருக்கான கடிதம்’ என்பதை ‘தொமொதாச்சி எ நொ தெகமி’ என்றுதான் சொல்ல வேண்டும் (‘நொ’ இரண்டு பெயர்ச்சொற்களை இணைக்கும் இடைச்சொல்). ‘நி நொ’ என்ற சேர்க்கை அங்கே பிழை.

இந்த ‘எ’யை எழுதும்போது ‘ஹெ’ என்ற ஹிராகானா (ஜப்பானிய அசையெழுத்து முறை) எழுத்தையே இட வேண்டும் என்பதையும், தொடக்கநிலையில் பலர் தவறவிடுவதால், சேர்த்துச் சொல்கிறேன்.